கோபக்கார மாடும் ஒரு முக்கோணமும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்காலும் அத்தானின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். மானம் மட்டும் கொஞ்சம் பழுது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும், அதற்கேற்ற ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்று இந்தப் பயிற்சிக் கல்லூரியில் நான் தொண்டை வறளப் பாடம் எடுப்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் காது கேளாத ஒரு பெண் கணக்கு டீச்சர் ஆவதற்குச் சேர்ந்தாள். முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் உதட்டசைவைப் பிடித்துக்கொள்வாள். மற்றபடி சைகை, இல்லாவிட்டால் எழுத்து. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தும் கட்டம் வந்ததும் எங்கள் முதல்வர், "பாவம்யா, எதுக்கு அந்தப் பொண்ணக் கஷ்டப்படுத்தணும்? பின்னாடி உக்காந்து பாக்கட்டும், பாஸ் போட்டுடலாம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காது கேக்காத பிள்ளைங்கள உள்ள சேருங்கன்னு சொல்லிட்டு, டீச்சர வெளிய நிறுத்துவோமா?" என்று கேட்டுவிட்டேன். "சரி, நானே வந்து பாக்குறேன். சரியா வரலேன்னா அவளுக்கு இந்த வேலை இல்ல" என்று முடித்துவிட்டார். வீராப்பாகப் பேசியது நான், மாட்டிக்கொண்டது அவள்.

அன்றைக்கென்று பார்த்து, பிள்ளைகள் பேசுவதைச் சைகையில் சொல்லும் உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்குத்தான் சைகை தெரியுமே என்று நான் களத்தில் குதித்தேன். ஒன்பதாம் வகுப்பு, முக்கோணம், கடைசி பெஞ்சில் முதல்வர். வாயை மூடவே தெரியாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒருத்தி எழுந்து, "இந்தப் பக்கம் மட்டும் ஏன் டீச்சர் நீளமா இருக்கு?" என்றாள். நான் கை வலிக்கக் காட்டினேன். நம் டீச்சர் கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதினாள்: "என் மாடு கோபமாக இருக்கிறது என்கிறார் சார். நீ கேட்டது என்ன?" வகுப்பே உருண்டு சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்தபடியே சாக்பீஸை ரேடியோவிடம் கொடுத்து என்னை ஜன்னலோர பெஞ்சுக்குத் துரத்தினாள். அதற்கப்புறம் கேள்வி உள்ளவர்கள் ஓடிவந்து பலகையில் எழுதினார்கள், மூன்று பேர் கயிற்றைப் பிடித்து முக்கோணமாக நின்றார்கள், மூலையை விரிக்க விரிக்க எதிர்ப்பக்கம் நீண்டது. கத்திப் பயனில்லை என்பதால் கத்தலும் இல்லை. அப்படியொரு ஒன்பதாம் வகுப்பை நான் பார்த்ததே கிடையாது அக்கா!

மணி அடித்ததும் முதல்வர் எழுந்து பலகையைப் பார்த்தபடியே, "பசங்களுக்கு நெஜமாவே புரிஞ்சுதாம்மா?" என்றார். ரேடியோ விருட்டென்று எழுந்தாள். "சார், எங்க டீச்சர் முகத்தப் பாத்துக் கேளுங்க. அப்பதான் அவங்களுக்குத் தெரியும்."

ஒரே ஒரு வகுப்பு. அதற்குள் எங்க டீச்சராம்! முதல்வர் திரும்பினார். முகம் பார்த்து, நிதானமாக, மறுபடி கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த மனுஷன் பாஸா பெயிலா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் காரேறிப் போய்விட்டார். கல்நெஞ்சு. இவரிடம் இனி ஒரு நாள்கூட வேலை பார்க்க மாட்டேன், இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடியின்றி நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: முதல்வரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இப்போதுதான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அந்தப் பொண்ணு பாஸ். அது கெடக்கட்டும், மன்னிச்சுக்கம்மான்னு சைகைல எப்படிய்யா சொல்றது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமாக அவளிடமே கேட்கப் போகிறோம்.