மேலிடத்து ஆள்

"மனசு விட்டுப் பேச ஒரு நடை. அனுமதி இலவசம்" என்று எழுதிப் பூங்கா வாசலில் கட்டியிருந்த பேனருக்கு எதிரே வந்து நின்றதும் கண்ணாடிக்கடைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் பேசுவதெல்லாம் கடையில் கண் பரிசோதிக்கும்போதுதான். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமையானால் அதுவும் கிடையாது. இன்றைக்கு யாராவது ஒருத்தரிடம், "வீட்டுக்குப் போகவே பிடிக்கலை" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் வந்தார்.

"நடக்க வந்தீங்களா?" என்றாள் தொப்பி போட்ட பெண்மணி ஒருத்தி, பரிதாபமாக.

அந்தப் பரிதாபம்தான் கெடுத்தது. "சேச்சே, மேற்பார்வைக்கு வந்தேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

"மேலிடமா? நல்லவேளை சார். நானே யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன்."

மாமியாரில் ஆரம்பித்தாள். பூங்காவை இரண்டு சுற்று வந்தும் நாத்தனாரைத் தாண்டவில்லை.

தப்பித்தால் போதுமென்று, பின்னால் முழங்கால் பட்டையோடு வந்த பெரியவருடன் சேர்ந்துகொண்டார். சரி, இவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

"அண்ணே, சார் மேலிடம்" என்று தொப்பிக்காரி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். போச்சு.

பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் ஃபோனே எடுக்க மாட்டேங்கறான் தம்பி. எடுத்தா மீட்டிங்குங்கறான். ஞாயித்துக்கிழமை என்ன மீட்டிங்?"

"ஞாயித்துக்கிழமை ரொம்பக் கஷ்டம்தான்" என்றார் இவர்.

அது போதாதா? பெரியவர் அழுதேவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு மூட்டை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வந்த வேலையை விட்டுவிட்டு எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

கடைசியில் தாங்க முடியாமல் நின்றுவிட்டார்.

"இங்க பாருங்க, நான் எந்த மேலிடமும் இல்லை. என் சம்சாரம் போயிட்டா. வீட்ல பேச ஆளில்லை. டிவில செய்தி வாசிக்கறவங்க வணக்கம் சொன்னா பதில் வணக்கம் சொல்லிட்டிருக்கேன்."

பெரியவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"பாத்துக்கோங்க, இப்படித்தான் பேச வைக்கணும்" என்றாள் தொப்பிக்காரி. "முதல்ல நம்ம கஷ்டம் மாதிரி ஒண்ணை எடுத்து விடணும். அந்த வணக்கம் பிரமாதம் சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். வேறென்ன செய்வது?

பாரம் இறங்கிய முகங்களோடு கூட்டம் கலைந்தது. அவருடைய மூட்டை மட்டும் அவரிடமே இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. நடையை ஏற்பாடு செய்தவர்களின் வேன் டிரைவர் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமும் உண்டாப்பா?" என்று அவரிடம் கேட்டார் கடைக்காரர். உண்டென்றால் முதல் ஆளாக வந்து, நடக்கத்தான் வந்தேன் என்று கூசாமல் சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தார்.

"எதுக்கு சார்? இன்னைக்கு வந்தவங்க அத்தனை பேரும் கேக்கறதுக்குன்னு நாம வரவழைச்ச வாலண்டியருங்க" என்றார் டிரைவர். "பேசறதுக்குத்தான் ஒரு ஆள்கூட வரலையே."