அமைச்சரின் இருமல்

"அரைக் கிலோ தக்காளி" என்று அவள் கேட்டதும் கடையே திரும்பிப் பார்த்தது.

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தக்காளியிலும் இல்லை. தப்பு அவள் குரலில் இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் வீட்டிலும் ஒலிக்கிற குரல் அது. தொலைக்காட்சித் தொடரில் ஓர் அமைச்சரோடு ரகசியமாகப் பழகி, இருவரும் கொஞ்சிய பேச்சு ஒலிநாடாவாக வெளியாகி, நாடே காறித் துப்பிய உதவியாளரின் குரல். அந்த வேடத்தில் நடிப்பவள் வேறு ஒருத்தி. அவள் வாயசைப்புக்குக் குரல் கொடுப்பது மட்டும்தான் இவள் பிழைப்பு. பிசகாமல் ஒரே தடவையில் பேசி முடித்துவிடுவதால், ஒலிப்பதிவுக் கூடத்தில் இவளுக்கு 'ஒன்டேக்' என்று பெயர்.

"நீதானா அது? ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டு இங்க வந்து தக்காளி கேக்கறியா?" என்றாள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி.

தான் குரல் மட்டும்தான் கொடுப்பதாக ஒன்டேக் விளக்கினாள். விளக்க விளக்க, அதே குரல்தான் என்று எல்லாருக்கும் சந்தேகம் தீர்ந்துபோனது. கடைக்காரர் அழுகலாகப் பார்த்து அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அமைச்சருக்குக் குரல் கொடுப்பவன் அவள் சொந்தப் புருஷன். இயற்கையில் அவனுக்குக் கீச்சுக் குரல். அமைச்சருக்காக அடிவயிற்றிலிருந்து ஒரு கட்டைக் குரலை எடுத்து வருவான். மறுநாள் அதே கடையில் அந்தக் குரலில் ஒரு பாக்கெட் உப்பு கேட்டான். அவனுக்கு ஸ்டூல் போட்டார்கள். டீ வந்தது. "உங்களுக்கு வெள்ளை மனசுங்கய்யா. அந்தப் பொம்பளை உங்களை மாட்டி விட்டுட்டா" என்று கடைக்காரர் கண் கலங்கினார். நல்ல தக்காளியாக ஒரு கிலோ, கேட்காமலே பையில் விழுந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் ஒன்டேக்.

"டீ நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒலிநாடாவில் கொஞ்சியது இரண்டு பேர். அதில் அந்த ஆள் கொஞ்சிய கொஞ்சல் இருக்கிறதே, குழந்தைகூட அப்படிக் கொஞ்சாது. ஆனால் டீ அவனுக்கு, அழுகல் இவளுக்கு. கதையில் நடந்தாலும் நியாயம் இல்லை. கதைக்கு வெளியே நடந்தால் அக்கிரமம்.

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று மறுநாளிலிருந்து அவள் வெளியே பேசுவதை நிறுத்தினாள். கடையில் விரலைக் காட்டினாள். படிக்கட்டில் தலையை மட்டும் ஆட்டினாள். கட்டடம் முழுவதும் செய்தி பரவியது: குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதனால்தான் அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. 

வார இறுதியில், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரரே மேலே ஏறி வந்தார். அவர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அலுவலகம், கார், உதவியாளர் எல்லாம் இருந்தனவாம். உடல்நிலை காரணமாகத் திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டாராம். உடல் என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தது. தொண்டையில் மட்டும் ஒரு சின்ன இருமல். கட்டடத்தில் அவரை 'தலைவர்' என்றே கூப்பிடுவார்கள். 

"இங்க பாரும்மா, நான் திறந்த புத்தகம்" என்று ஆரம்பித்து, இருமி, "யார் வேணா புரட்டிப் பாக்கலாம். ஆனா இது குடும்பங்க இருக்கிற இடம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு" என்றார்.

'நான் திறந்த புத்தகம்' என்பது தொடரில் அமைச்சர் பேசுகிற வசனம். நடுவில் இருமல்கூட அப்படியே. தொடர் முற்றிப்போய் இந்த மனுஷனுக்குள் இறங்கிவிட்டது என்று ஒன்டேக் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் காலி செய்வது லேசில்லை. அந்த வீட்டின் சாமான் அறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து, ஈ பறந்தால்கூடக் கேட்காதபடி ஒரு குரல் அறை கட்டியிருந்தார்கள். அவசரப் பதிவெல்லாம் அங்கேதான். சுவரில் ஆணியடிக்க விடுகிற வீட்டுக்காரர் உலகத்தில் எங்கே கிடைப்பார்? அந்த அறை போனால் வேலையில் பாதி போகும்.

தலைவரின் மனைவியிடம் முறையிடலாமா என்று யோசித்தாள். அந்த அம்மாள் அதிகம் பேசாதவர். மாலையில் கீழ்வீட்டில் எல்லாரும் தொடர் பார்க்க உட்கார்ந்தால் அவர் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச கதைதானே" என்பார். தொடரே பார்க்காதவருக்கு இதில் என்ன புரியப்போகிறது என்று ஒன்டேக் விட்டுவிட்டாள்.

பதிலாக, குரலை மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். அவளிடம் குரலுக்கா பஞ்சம்? குழந்தைகள் படத்தில் வரும் அணிலுக்கும் அவள்தான் குரல். படிக்கட்டில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக் குடும்பத்திடம் அந்த அணில் குரலில் அன்பாக நலம் விசாரித்தாள். அவர்களுடைய சின்னப் பெண் ஒரு நொடி சிலையாக நின்றுவிட்டு, வீறிட்டு அழுதாள்.

"அம்மா, அந்தக் கெட்டவ அணிலை முழுங்கிட்டா!"

குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. தலைவரிடம் புகார் போனது. காலி செய்வதோடு விடக்கூடாது, பொதுக்கூட்டம் போட்டுக் கண்டிக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் புருஷனைத் தூது அனுப்பினாள். "உங்க சொந்தக் குரல்ல பேசுங்க. ரெண்டு பேரும் கூலிக்குத்தான் பேசறோம்னு சொல்லுங்க. போதும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. தலைவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கீச்சுக் குரலில் "சார்" என்றானாம், யாரென்று கேட்டார்களாம். கட்டைக் குரலில் "நான்தான்" என்றானாம். உள்ளே தொடர் பார்க்கக் கூடியிருந்த கட்டடத்துக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்களாம். அதற்கப்புறம் அந்தக் குரலை இறக்கி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்தபோது அவன் குடியிருப்போர் சங்கத்தின் தலைவன். போட்டியே இல்லை.

"வீட்டு விஷயம் என்ன ஆச்சு?"

"நான் இருக்கலாமாம்" என்றான் அவன், கட்டைக் குரலில்.

"நான்?"

"அதைத்தான் ஞாயித்துக்கிழமை கூட்டத்துல விவாதிக்கறோம். நான்தான் தலைமை."

அவன் கட்டைக் குரலிலேயே காபி கேட்டான். கொடுக்கவில்லை. கீச்சுக் குரலில் கேட்டான். அப்போதும் கொடுக்கவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த வாரம் கடைசிக்கு முந்தைய பகுதியைப் பேசி முடித்தார்கள். கடைசிப் பகுதி வந்து சேரவில்லை. எழுதுகிறவர் யாரென்றே அங்கே யாருக்கும் தெரியாது. புனைபெயரில் தபாலில் அனுப்புகிறவர். முடிவு தோன்றவில்லை, பொறுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். அமைச்சரை மன்னித்துவிடுவார்கள் என்று ஒன்டேக் அடித்துச் சொன்னாள். அவள் பார்க்காத உலகமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை கட்டடத்து வாசலில் வண்டிகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டார்கள். நடுநாயகமாக அவள் புருஷன், பக்கத்தில் தலைவர். தலைவரின் மனைவி ஒரு பிளாஸ்க்கில் டீயோடு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்டேக்குக்கு நாற்காலி போடவில்லை. அவள் நின்றுகொண்டே, சொந்தக் குரலில், ஒரே டேக்கில் பேசினாள்.

"அந்த டேப்ல ரெண்டு குரல் இருந்துச்சு. ஒண்ணுக்கு நாற்காலி, ஒண்ணுக்கு நோட்டீஸா? கதையில அவர் அழுதா நீங்களும் அழறீங்க. அவ அழுதா நடிக்கறான்னு சொல்றீங்க. நான் கெட்டவள்னா அதோ உக்காந்திருக்காரே, அவரும் கெட்டவர். அவர் நல்லவர்னா நானும் நல்லவ. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, அப்புறம் காலி பண்றேன்."

அவள் புருஷன் நாற்காலியில் நெளிந்தான். முகம் சிறுத்துப்போயிருந்தது. மெதுவாக எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

பின்வரிசையில் யாரோ எரிச்சலோடு கேட்டார்கள், இப்படிப்பட்டவர்களுக்குத் தலைவர் எப்படி வீடு கொடுத்தார் என்று.

தலைவர் எழுந்தார். கையைக் கூப்பினார். "தப்பு நடந்தது உண்மை" என்று சொல்லி, இருமி, "ஆனா அதை நான் பண்ணல..." என்று இழுத்தார்.

தரையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனுக்கு, ஒரு வாய் அசைவதைப் பார்த்தால் கூடவே பேசிவிடுகிற தொழில் பழக்கம். தலைவரும் அவனும் ஒரே மூச்சில் முடித்தார்கள்.

"...என் நல்ல மனசு பண்ணிடுச்சு."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சீரியலைப் பார்த்துப் பார்த்துத் தலைவர் அமைச்சராகவே மாறிவிட்டார் என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

ஒன்டேக் சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளே ஏதோ உறைத்தது. அந்த வசனத்தை இரண்டு நாளைக்கு முன்னால்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் புருஷன் பேசினான். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"இருங்க" என்றாள். "இந்த வசனம் அடுத்த வாரம்தானே டி.வி.யில வருது. இவருக்கு எப்படித் தெரியும்?"

தலைவர் வாயைத் திறந்தார். வந்தது வெறும் இருமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி, அவரைத் தாண்டிக் கையை நீட்டி, ஒன்டேக்கிடம் கொடுத்தார்.

"அவருக்கு எப்படித் தெரியும்னு கேக்காதம்மா, எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. மாட்டிக்கிட்ட அன்னிக்கு இவர் என்கிட்ட சொன்ன வசனம்தான் அது. அந்தத் தொடரை எழுதறதே நான்தான். கடைசிப் பகுதியில வீட்டைக் காலி பண்றது அமைச்சர்."