நாலு விரல் குறைந்த நாற்காலி

கக்கூஸ் கதவை உடைத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். உடைத்தவன் பக்கத்து வீட்டுப் பலராமன். வேடிக்கை பார்த்தவர்கள், தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும்.

விழுந்தது நான்தான். விழவைத்துக்கொண்டதும் நான்தான். ஆனால் குற்றம் என்னுடையது அல்ல.

மெட்ராஸில் என் வலது முட்டியை எடுத்துவிட்டு, உலோகத்தில் ஒன்றை வைத்துத் தைத்து ஆரணிக்கு அனுப்பியிருந்தார்கள். இனிமேல் குந்தி உட்காரக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதற்காகத் தச்சர் பச்சையப்பனிடம் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி செய்யச் சொல்லியிருந்தோம். வந்தது. என் காலுக்கு நாலு விரல் குள்ளமாக வந்தது. அதில் உட்கார்ந்தால் புது முட்டி உயிரை எடுக்கிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். தாழ்ப்பாள் போட்டேன். உட்கார்ந்தேன். மூன்று செங்கல் என் பக்கம் நின்றன. நாலாவது கட்சி மாறிவிட்டது.

"ஐயோ! இன்னா சத்தம் அது?" வெளியே என் மனைவி அபிதகுசாம்பாள் கத்தினாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும் பெயர் என்பதால் நான் அபிதா என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

"உழுந்துட்டேன்."

"முட்டியில பட்டுச்சா?"

"முட்டி நல்லாத்தான் கீது. மானம்தான் போச்சு."

"நாற்காலிக்கு ஒண்ணும் ஆவலையே?"

கட்டின புருஷன் கக்கூஸ் தரையில் கிடக்கிறான். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

தெரு கலைந்ததும் விசாரணையை ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் டேப் கிடையாது. நீள அகலம் எல்லாம் நூல்தான். ஆபரேஷனுக்குப் போகும் முன்பு, அபிதா என்னைத் தறிக்குழியின் விளிம்பில் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரைக்கும் அரக்கு நூலை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள். என் கண்ணால் பார்த்தேன். அந்த நூல்தான் பச்சையப்பனிடம் போனது.

"நூலு சாயத்தொட்டியில எங்கியாச்சும் உழுந்து சுருங்கிடுச்சா?"

"பட்டு நூலு நாலு விரல் சுருங்குமா? நெசவாளி பேசற பேச்சா இது?"

"அப்ப பச்சையப்பன் குடிச்சிட்டு அறுத்துட்டான்."

"அவரு காப்பியே குடிக்கறதில்ல. வேற நாற்காலி செஞ்சிகினு கீறாரு. வார்னிஷ் காயணுமாம். பொறுத்துக்குங்க."

"அப்ப இத திருப்பி அனுப்பு."

"கெடக்கட்டும். எதுக்காச்சும் ஆவும்."

"ஓட்ட போட்ட நாற்காலி வேற எதுக்குடி ஆவும்?"

அபிதா நாற்காலியைக் கழுவினாள். துடைத்தாள். தறிக்கூடத்து மூலையில் வைத்து, தன் பழைய புடவை ஒன்றைப் போர்த்தினாள். எனக்குப் போர்த்த யாரும் இல்லை.

டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "சீக்கிரம் வாக்கரை விட்டுட்டுத் தெருவுல நடக்கணும். பயந்துகிட்டு வீட்லயே கிடந்தீங்கன்னா முட்டி இறுகிடும். அப்புறம் தறி மிதிக்கறத மறந்துட வேண்டியதுதான்."

தறியை மறப்பதா? என் தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றிருந்தது. வேறு ஆளை உட்காரவைக்க நான் விடவில்லை. ஆனால் தெருவில் இறங்குவதென்றால் பயம். அதை வெளியே சொல்வேனா? வாசல்படி வரைக்கும் வாக்கரோடு போவேன். வானத்தைப் பார்ப்பேன். மழை வரும்போல இருக்கிறது என்று திரும்பிவிடுவேன்.

"இன்னிக்காச்சும் எறங்கறீங்களா?" தினமும் அபிதா கேட்பாள்.

"நாளைக்கு."

"உங்க நாளைக்கு என்னிக்கிங்க வரும்?"

"என்னாடி ஜல்தி ஒனக்கு? பஸ்ஸு கெளம்பிடுமா?"

அபிதா ஊடைக்கு நூல் தார் சுற்றப் போய்விட்டாள். அங்கேயும் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நான் காலை மடக்க முடியாமல் படுகிற பாட்டைப் பழிப்புக் காட்டுகிறாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவே பார்க்க வருகிறவர்கள் தொல்லை. குளித்தால் துருப்பிடிக்காதா என்று ஒருவர் கேட்டார். இடி இடிக்கும்போது வெளியே போகாதே என்றார் இன்னொருவர். பலராமன் ஒரு படி மேலே போய், களம்பூர் ரைஸ் மில்லிலிருந்து ஒரு காந்தத்தை வாங்கிவந்து என் முட்டியில் வைத்துப் பார்த்தான்.

"ஒட்டலயே லோகநாதா! இரும்புன்னு சொல்லிட்டு வேற என்னாத்தையோ வச்சி ஏமாத்திட்டானுங்களா?"

கதவை உடைத்துக் காப்பாற்றியவன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த அநியாயம் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் எழுந்து வாக்கரைப் பிடித்தால், கூனிக் குறுகி நிற்கவேண்டியிருக்கிறது. பித்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் கால்கள் அதற்கு. நாலு கால்களையும் யாரோ இறக்கிவைத்திருந்தார்கள். ஏற்றிவைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி இறங்கியிருந்தது.

"அபிதா! எவன் வாக்கர எறக்கினது?"

"எறங்கியிருக்கா? அதுவா எறங்கியிருக்கும்."

"நாலு காலும் பேசி வச்சிகினு எறங்குமா?"

"உங்க கனத்த தாங்கணுமில்ல," என்று என்னை அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அன்று ஜரிகை இழையால் நாலு கால்களையும் இறுக்கிக் கட்டினேன். எந்தக் கொம்பனும் அவிழ்க்க முடியாத முடிச்சு. விடிந்து பார்த்தால் முடிச்சு அவிழ்ந்திருந்தது. இழை அறுபடாமல் பக்கத்தில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வாக்கர் தாழ்ந்து நின்றது.

காந்தம் கொண்டுவந்தவனுக்கு இது பெரிய வேலையா? பலராமனைக் கூப்பிட்டேன்.

"பலராமா, வெளையாட்டுக்கு ஒரு அளவு வேணும்."

"என்னா வெளையாட்டு?"

"நோயாளி வாக்கர எறக்கி வச்சிட்டு, அவன் குனிஞ்சி நடக்கறத ஜன்னல் வழியா பாத்து சிரிக்கறது."

அவன் முகம் கறுத்துவிட்டது. "நீ கெடந்த கோலத்துல கதவ ஒடைச்சி தூக்கினேன். அப்பவே சிரிக்காதவன் இப்ப சிரிக்கவா வந்தேன்? உன் வாக்கர எறக்கி எனக்கு என்னாய்யா லாபம்? இனிமே நீ உள்ள மாட்டிகினா நானு வரமாட்டேன். கதவே இல்லாம போய்க்க!"

அன்றோடு அவன் வீட்டுப் பேப்பர் எனக்கு வருவது நின்றது. நான் ஒரு நியாயம் கேட்கப்போய், எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணையும் போயிற்று.

அடுத்த நாள் காலை மறுபடியும் வாக்கர் குள்ளம். வீட்டில் அபிதா இல்லை, கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பொறுக்க முடியவில்லை. இந்தக் கால்களைத் திருகாணி போட்டு ஒரேயடியாக முடுக்கிவிட வேண்டும். இனி எவனும் இறக்கக்கூடாது. அந்த வேலைக்குப் பச்சையப்பன்தான் ஆள். குள்ள நாற்காலிக்கும் அவனை நாலு கேள்வி கேட்டதுபோல் ஆகும். யாரை அனுப்புவது? பலராமனோடு பேச்சு இல்லை. வாக்கரைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன்.

வழியெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். சாயப்பட்டறைக்காரர் கைவேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதை என்று நினைத்துத் தலையசைத்தேன். நெல் மூட்டை லாரி ஒன்று எனக்காக நின்று, ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தது. ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள், என் வீட்டைச் சுற்றித்தான் இல்லை.

பச்சையப்பன் இழைப்புளியும் கையுமாக நின்றிருந்தான். அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. உயரமான நாற்காலி. அதன் கையில் என் அரக்கு நூல் தொங்கியது.

சுவரில் ஆணியில் இன்னொரு நூல். பச்சை. அதை எடுத்து அரக்கோடு சேர்த்துப் பிடித்தேன். முடிச்சுக்கு முடிச்சு, நாலு விரல் குறைவு.

"பச்சையப்பா! என் அளவு அரக்கு நூலு. எனக்கு வந்த நாற்காலிய இந்தப் பச்ச நூலுக்கு அறுத்திருக்க. எவன் காலுய்யா இது?"

"மாத்தி அனுப்பிட்டேண்ணா. ரெண்டும் சொல்லியிருந்தாங்க, எத முன்னால அனுப்பறதுன்னு கொழம்பிட்டேன். தப்புதான்."

"தப்ப அப்பறம் பேசலாம். எவன் காலு?"

"அது வந்துண்ணா..." தலையைச் சொறிந்தான்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? டாக்டர கேட்டா நடங்கறாரு. பொண்டாட்டிய கேட்டா அதுவா எறங்குச்சுங்கறா. பலராமன கேட்டா பேப்பர நிறுத்திட்டான். ஆரணியில ஒரு மனுஷன் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்ல ஒருத்தன் இல்லையா? மொதல்ல இந்த வாக்கருக்கு நாலு திருகாணி போடு. எவனும் இதுக்கு மேல இத எறக்கக்கூடாது!"

பச்சையப்பன் திருகாணி எடுக்கவில்லை. என் கால்களைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"அண்ணா, வாக்கரு உங்க தோள்ல கீதே. அப்ப எப்பிடி இங்க வந்தீங்க?"

"கண்ணு தெரியலையா? நடந்துதான்!"

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. தோளைத் தொட்டுப் பார்த்தேன். வாக்கர் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சையப்பன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"அப்ப சொல்லலாம். திருகாணி வேணாங்கண்ணா, பச்ச நூலு அண்ணியோட காலு. அவங்க முட்டியையும் மாத்தணும்னு மெட்ராஸ் டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாராம். 'எங்க ஊட்டுக்காரரு வாக்கர உட்டுட்டு தெருவுல நடக்கட்டும், அப்பறம் ஆபரேஷனுக்கு வந்து படுத்துக்கறேன், அதுவரைக்கும் அவருகிட்ட மூச்சு உடாதீங்க'ன்னு டாக்டருகிட்டயே சொல்லிட்டு வந்து, விடிகாலையில உங்க வாக்கர எறக்கி நடந்து பழகிகினு கீறாங்க."