சம்பந்தியம்மாள் சொன்ன பத்து லட்சம் ஆண்டு

மதிப்புக்குரிய ஆசிரியை வென் அவர்களுக்கு,

குய்யாங் நகரிலிருந்து, சிமென்ட் ஆலையில் ஓய்வுபெற்ற பான் குவாங்தே வணக்கத்துடன் எழுதுவது. எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம், தங்கள் பத்திரிகையும் சௌக்கியமாக இருக்கட்டும். ஆனால் அதில் வரும் ஆங்கிலப் பாடத்தை நம்பிய எனக்கு ஒரே மகள் கையைவிட்டுப் போகப்போகிறாள்.

மகள் யுன்ஷூ இங்கே வேலை பார்க்கும் ஓர் இங்கிலாந்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையன் தங்கம். அவன் அம்மா பெரில் போன வாரம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். அதற்காகவே தங்கள் 'பெரிய எண் பேச்சுகள்' பாடத்தை நெட்டுருப் போட்டேன். சீன மொழியில் நாம் பத்தாயிரம் என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் மில்லியன் என்பார்கள், எண் பெரிதானால் அன்பும் பெரிது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியேதான் நடந்தது. தேநீர் கொடுத்ததும் "தேங்க்ஸ் எ மில்லியன்" என்றார். "ஐயோ, அவ்வளவு எதுக்குங்க, பத்தாயிரமே ஜாஸ்தி" என்றேன். யுன்ஷூ மில்லியனில் ஒருத்தி என்றார். என் மனைவி லான்ஃபென் மரியாதை விடாமல், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சுத்த சோம்பேறி, தெருவுக்குப் பத்துப் பேரு இப்படி இருக்காங்க" என்றாள். பையன் அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தான்.

பிறகு அவனும் யுன்ஷூவும் பழம் வாங்கக் கீழே போனார்கள். புளிப்பு மீன் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன்: எங்கள் பெண்ணை உங்கள் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களா? அந்த அம்மாள் கையை ஆட்டி, "நாட் இன் எ மில்லியன் இயர்ஸ்!" என்றார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. 'நாட்' என்பது மரியாதைக்கு. கொடுத்ததை மூன்று முறை வேண்டாம் என்று சொல்லித்தானே நாமும் வாங்குகிறோம்? அதைக் கழித்தால் மிச்சம் பத்து லட்சம் ஆண்டு. பேரரசரையே பத்தாயிரம் ஆண்டு வாழ்கவென்றுதான் வாழ்த்தினோம், இவர் அதைப்போல நூறு மடங்கு காலம் என் மகளை வைத்துக்கொள்ளப் போகிறார்! இவ்வளவு அன்புள்ளவரிடம் எப்படி மறுப்பது? எழுந்து நின்று, சோளச் சாராயக் கிண்ணத்தைத் தூக்கி, "டேக் ஹர்! டேக் ஹர்!" என்று கத்திவிட்டு அழுதேன். "ஏ கிழவா, தள்ளி நின்னு அழு, மீனு ஏற்கெனவே உப்பு" என்றாள் லான்ஃபென்.

ஆகவே, மில்லியன் ஆண்டைக் குறைத்துக் கேட்பது எப்படி என்று அடுத்த வாரமே பாடம் போட வேண்டும். புத்தாண்டு வசந்த விழாவுக்கு வருஷம் ஒருமுறை அனுப்பினால்கூடப் போதும்.

தங்கள் வீட்டு அரிசிப்பானை என்றும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பான் குவாங்தே

பி.கு.: உறை ஒட்டும்போது யுன்ஷூ வந்து படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அதுக்கு 'ஒருக்காலும் மாட்டேன்'னு அர்த்தம்!" என்கிறாள். அவர்கள் இங்கேதான் இருக்கப் போகிறார்களாம். ஆனால் சோம்பேறி என்று தாய் திட்டியதையும், கூட்டிக்கொண்டு போ என்று தகப்பன் கத்தியதையும் கேட்ட அந்த அம்மாள், பெற்றவர்களுக்கே வேண்டாத பெண் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, யுன்ஷூவை மடியில் போட்டுக் கொஞ்சாத குறையாகத் தாங்குகிறாராம். எனவே, தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள். அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.