உங்க தம்பி ஒன்றுமே செய்யாதவர் என்று ஒரு மனு

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்க தம்பி பெண்டாட்டி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பேனா நகர மாட்டேங்குது.

உங்க தம்பி வேலை பார்க்கிற பத்திரப் பதிவு ஆபீசில் ஒருத்தர் நிலத்தை எவனோ போலிக் கையெழுத்துப் போட்டு வித்துட்டான். நிலத்தைப் பறிகொடுத்தவர் கோபத்தில் வந்து, ஆபீஸ் நடையில் நின்னு, கதவுக்குக் கதவு தொங்குற பெயர்ப்பலகையெல்லாம் வரிசையா எழுதிக்கிட்டுப் போய்ப் போலீசில் கொடுத்துட்டார். கடைசிக் கதவு உங்க தம்பியோடது. பழைய பத்திரக்கட்டைக் கரையான் அரிக்காமப் பாத்துக்கிற அறை. அங்கே வித்தவனும் வரலை, வாங்கினவனும் வரலை. அதுக்கு அடுத்த பலகை குடிதண்ணீர். அதை மட்டும் எப்படியோ மன்னிச்சு விட்டுட்டார். இப்போ இவர் மோசடிக்காரர். வேலையிலிருந்து நிறுத்தியாச்சு. சுவரைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுறார். "சுவர்ல என்னங்க தெரியுது?"ன்னா, "ஜெயில்"ங்கிறார்.

வக்கீல் நல்ல மனுஷன். "விற்பனைக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லைம்மா, மேல்கோர்ட்டில் மனு போட்டு இவர் மேலுள்ள கேஸையே ரத்து பண்ணிடலாம்"னு எழுதியும் கொண்டாந்துட்டார். கூட வேலை செய்றவங்களும் போட்டி போட்டுச் சாட்சி சொல்றாங்க. "அவரா? ஆபீசில் எந்த வேலையுமே செய்யாதவர், இதை மட்டும் எப்படிச் செஞ்சிருப்பார்?" நான் சிரிச்சுத் தொலைச்சேன், அதுதான் வினை. 'பதிவுக்கு எந்தப் பத்திரமும் இவரிடம் வந்ததில்லை, எதையும் முடிவு செய்யும் அதிகாரம் இவருக்குக் கிடையாது'ன்னு வக்கீல் வாசிச்சதும் உங்க தம்பி எழுந்துட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா நான் அங்கே ஈ ஓட்டிக்கிட்டா இருந்தேன்?"

"அதைத்தாங்க கோர்ட்ல சொல்லணும்"னேன்.

அதோட பேனாவைத் தூக்கிப் போட்டுட்டார். கையெழுத்துப் போட மாட்டாராம். ஜெயிலுக்குப் போனாலும் அதிகாரியாத்தான் போவாராம்.

திங்கட்கிழமைக்குள்ள மனு போகலைன்னா கைது பண்ணிடுவாங்களாம். கிண்டல் பண்ற வாய்தான் எனக்கு, இப்போ இவர்கிட்ட கெஞ்சிக்கிட்டிருக்கேன் அண்ணி. நீங்க காதைத் திருகினாத்தான் இவர் கேப்பார். உடனே புறப்பட்டு வாங்க.

அண்ணனுக்கு என் கும்பிடு, பிள்ளைங்க கன்னத்துக்கு ஆளுக்கொரு கிள்ளு.

இப்படிக்கு,
உங்க தம்பியைக் கட்டிக்கிட்டவள்

பின்குறிப்பு: வர வேண்டாம் அண்ணி! இந்தக் கடிதத்தை மடிக்கும்போதே அவரா வந்து கையெழுத்துப் போட்டுட்டார். மனுவை வக்கீல் ஆள் வாங்கிப்போய்க் கோர்ட்டில் சேர்த்தும் ஆச்சு. இப்போதான் வக்கீல் போன் பண்ணினார். கையெழுத்துக்கு மேலே உங்க தம்பி சொந்தமா ஒரு வரி சேர்த்திருக்காராம்: 'அந்த ஆபீசில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது.'