முள்ளம்பன்றி வாங்கிய மூன்று விளக்குகள்

ஒரு காட்டில் பசுமை குறைந்துவிட்டதாக ஒரு நாள் சிங்கத்துக்குத் தோன்றியது. சுற்றிலும் மரங்கள்தான் இருந்தன. ஆனாலும் தோன்றிவிட்டது. ராஜாவுக்குத் தோன்றிவிட்டால் அப்புறம் அது உத்தரவு.

உத்தரவு இதுதான். குகையோ, பொந்தோ, வளையோ, எதில் இருந்தாலும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்குள் ஒரு செடி வளர்க்க வேண்டும். செடியை அரசே கொடுக்கும். நாற்பதாம் நாள் ஆய்வாளர் வந்து பார்ப்பார். செடி வாடியிருந்தால் வீடு பறிக்கப்படும்.

அந்தக் காட்டில் சடையாண்டி என்றொரு முள்ளம்பன்றி, மனைவி மூக்காயியோடு ஒரு வளையில் குடியிருந்தது. மூன்று கோடை முழுக்கத் தன் நகத்தாலேயே தோண்டிய வளை அது. மூக்காயி மாசமாக இருந்தாள். குட்டி பிறக்கிற நாளும் மழை பிடிக்கிற நாளும் ஒன்றாக வந்து நிற்கும் போலிருந்தது. ஆகவே வளை வேண்டும். ஆகவே செடி பிழைக்க வேண்டும்.

சடையாண்டி அரை நாள் வரிசையில் நின்று நாற்று வாங்கிவந்தது. மணி பிளாண்ட். கழுத்தில் 417 என்று ஒரு அட்டை தொங்கியது.

"வாசல்லயே வைப்போம் மூக்காயி. நல்ல வெயில் அடிக்கி" என்றது சடையாண்டி.

"கூடாதாம். வாசலைத் தாண்டிட்டா அது வீட்டுச் செடி இல்லையாம், காடாம். நாத்தோட குடுத்த படிவத்துக்குப் பின்பக்கம் போட்டிருக்கான்."

"உள்ளே இருட்டாச்சே. நமக்கு இருட்டு சரி. அதுக்கு?"

"அதுக்குத்தான் விளக்கு விக்காகளாம். செடி விளக்கு. முயல் சொல்லிச்சு."

செடி விளக்கு விற்றது ஞானப்பிரகாசம் என்ற பச்சோந்தி. பாறை இடுக்கில் கடை. இருவரும் போய் நின்றார்கள்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. எத்தனை வாட்ல பார்க்கிய?"

சடையாண்டிக்கு வாட் தெரியாது. ஆனால் தெரியாதவன் என்று காட்டிக்கொள்ளவும் தெரியாது. முயலிடம் கேட்டு வைத்திருந்த ஒரு வார்த்தையை எடுத்துப் போட்டது. "லூமென் எவ்வளவு வரும்?"

"லூமென் நம்ம கண்ணுக்கு உள்ள வெளிச்சக் கணக்குல்லா? செடிக்குக் கண்ணு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அதை விடுங்க. செடிக்கு வேண்டியது சிவப்பும் நீலமும். இதோ பாருங்க." பச்சோந்தி ஒரு விளக்கைப் போட்டது. பாறை முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி ஊதா நிறமானது.

"இதுக்குக் கரண்டு?" என்றாள் மூக்காயி.

"சோலார் தகடு கூடவே தாரேன். அதை வாசல்ல வெயில்ல வச்சிரணும். அது வெயிலைப் பிடிச்சு உள்ளே அனுப்பும். விளக்கு அதைச் செடிக்குக் கொடுக்கும்."

சடையாண்டி தகட்டையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தது. இதில் எங்கேயோ ஒரு சுற்று கூடுதலாக இருக்கிற மாதிரி பட்டது. எங்கே என்று பிடிபடவில்லை.

"செடி செழிக்கும்னு எப்படி நம்புறது?"

"நல்லாக் கேட்டிய." பச்சோந்தி விளக்குக்குக் கீழே ஏறி உட்கார்ந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் உச்சி முதல் வால் வரை தளதளவென்று பச்சையானது.

"அம்மாடி, என்ன பச்சை!" என்றாள் மூக்காயி.

அதற்கு மேல் அத்தாட்சி என்ன வேண்டும்? சடையாண்டியின் முதுகில் ஒரு பிடி முள்ளைப் பிடுங்கி விலையாகக் கொடுத்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முள்ளம்பன்றிகள் பரம்பரை பரம்பரையாகக் கிழங்கு தோண்டுகிறவை. ஒரு செடியை அவை கீழிருந்துதான் அறியும். இலை என்பது மேலே நடக்கிற விளம்பரம், சங்கதி மண்ணுக்குள் இருக்கிறது என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. அதனால் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் சடையாண்டி செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பார்த்தது. மோந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. கௌரவமாக விழுங்கிக்கொண்டது. பிறகு செடியைத் தொட்டியில் திரும்ப நட்டு, மண்ணைத் தட்டி, தண்ணீர் ஊற்றியது.

"வேரு எப்படி இருக்கு?" என்று மூக்காயி கேட்பாள்.

"நேத்தைக்கு இருந்ததுக்கு ஒரு மாத்து கம்மி."

"விளக்குதான் சரியில்ல."

பத்தாம் நாள் இலை மஞ்சளடித்தது. இருவரும் மறுபடி கடைக்குப் போனார்கள்.

"சிவப்பு நீலம்னு எவன் சொன்னான்?" என்றது பச்சோந்தி. "வெயில் என்ன ஊதாவாவா அடிக்கி? வெள்ளையாத்தானே அடிக்கி. எல்லா நிறமும் கலந்த ஃபுல் ஸ்பெக்ட்ரம் வேணும் அண்ணாச்சி."

"நீங்கதானே சிவப்பு நீலம்னு சொன்னிய?"

"அது போன வாரம்லா."

வெள்ளை விளக்கைப் போட்டுக் கீழே உட்கார்ந்தது. இந்த முறை ஒரே மூச்சில் பச்சையானது. இரண்டாவது பிடி முள் போனது.

வெள்ளை விளக்கில் இன்னொரு தொல்லை. நாளுக்குப் பதினான்கு மணி நேரம் எரிய வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. முள்ளம்பன்றிகளுக்குப் பகல்தான் தூக்கம். வளைக்குள் நடுப்பகல் வெளிச்சத்தில் மூக்காயி மூக்கைச் சுவரில் புதைத்துக்கொண்டு கிடந்தாள். வயிற்றுக்குள் குட்டியும் புரண்டு புரண்டு படுத்தது.

"பெத்த புள்ளைக்குக் கூட இம்புட்டு முழிக்க மாட்டோம் போல" என்றாள்.

"செடி பிழைச்சாத்தானே புள்ளைக்கு வீடு" என்றது சடையாண்டி. சாயங்காலம் வேரைப் பார்த்தது. கறுத்திருந்தது.

மூன்றாவது விளக்கு கழுத்தை வளைத்து வளைத்துக் காட்டுகிற விளக்கு. ஒரு சாண் உயரத்தில் வைக்க வேண்டுமாம். தானே அணைந்து தானே எரிய டைமர் உண்டாம். அதன் கீழும் பச்சோந்தி பச்சையாகத்தான் இருந்தது. மூன்றாவது பிடி முள்ளைக் கொடுத்தபோது சடையாண்டியின் முதுகு அறுவடை முடிந்த வயல் மாதிரி இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் செடி செத்தது. மூன்று விளக்கும் அதன்மேல் நன்றாகவே எரிந்தன.

சடையாண்டி செத்த செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தது. பழக்கம். பிறகு வாசலுக்கு வந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க" என்றாள் மூக்காயி. "கடைக்குப் போவோம்."

"நாலாவது விளக்கா? குடுக்க முள்ளு ஏது?"

"என் முதுகுல இருக்கு. ஆனா குடுக்கிறதுக்கு இல்ல."

கடை வாசலில் நின்று முள்ளையெல்லாம் சிலிர்த்து, சலசலவென்று ஒரு தரம் ஆட்டினாள். பச்சோந்தி பாறை நிறத்துக்குப் போய்விட்டது.

"மதினி, எதுனாலும் உக்காந்து பேசுவோம்."

"ஆமா, உக்காரத்தான் கூப்பிட வந்தேன். உம்ம விளக்குக்குக் கீழே பச்சையா இருந்தது இதுவரைக்கும் நீரு ஒருத்தர்தான். நாளைக்கழிச்சு ஆய்வாளர் வாராரு. தொட்டியில வந்து உக்காரும்."

பச்சோந்தி யோசித்தது. முள்ளையும் பார்த்தது. "விற்பனைக்குப் பிறகான சேவைன்னு இதை எடுத்துக்கிடுதேன்" என்றது.

நாற்பதாம் நாள் ஆய்வாளர் வந்தார். கொக்கு. வளைக்குள் கழுத்தை மட்டும் நுழைத்துப் பார்த்தார். தொட்டியில், விளக்கின் கீழே, 417 என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தளதளவென்று ஒன்று நின்றது.

"அருமை" என்றார் கொக்கு. "இந்தச் செடியைப் பார்த்தால் எனக்கு ஏனோ பசிக்கிறது."

கொக்கு படிவத்தைப் புரட்டினார். "ஒரு இலையைக் கிள்ளி இங்கே ஒட்ட வேண்டும். விதி." யாரும் வாயைத் திறப்பதற்குள் வால் நுனியைக் கிள்ளிவிட்டார்.

பச்சோந்தி கத்தவில்லை. வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் வலி வலிதானே. தலை முதல் கால் வரை குப்பென்று சிவந்துவிட்டது.

"அடடே, பூத்துவிட்டதே!" என்றார் கொக்கு.

"பூக்குமுங்க" என்றது சடையாண்டி. வேறென்ன சொல்வது?

கொக்கின் முகம் மாறியது. வேறொரு படிவத்தை எடுத்தார். "இலைச்செடி இருந்தால் இது வீடு. பூச்செடி இருந்தால் இது தோட்டம். தோட்டம் அரசுடையது. தோட்டத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது."

"ஐயா, செடி வாடினாத்தானே வீடு போகும்?" என்றாள் மூக்காயி.

"வாடினாலும் போகும் அம்மா. இது செழித்ததால் போகிறது. பாராட்டுகள்." வளையைச் செடி எண் 417 பேருக்கு எழுதி, முத்திரை குத்தினார்.

"மழை வருதுங்களே ஐயா."

"தோட்டத்துக்கு நல்லதுதானே."

காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகு கொக்கு மனமிரங்கினார். சடையாண்டியைத் தோட்டக்காரனாகவும் மூக்காயியை உதவியாளாகவும் நியமித்தார். வேலைநேரத்தில் மட்டும் உள்ளே இருக்கலாம். வேலைநேரம் எவ்வளவு என்று எழுத மறந்துவிட்டார். இருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

பச்சோந்தி கடைக்குத் திரும்பவில்லை. இருக்க இடம், எரிய விளக்கு, ஊற்ற ஆள். "மதினி, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்க. என்ன சூடு! எந்தப் பய இதை வித்தான்?" என்று தொட்டியில் சாய்ந்துகொண்டு சொல்லும்.

மழை பிடித்த அன்று, விளக்கு வெளிச்சத்தில் குட்டி பிறந்தது. பத்து நாள் கழித்து தோட்ட ஆய்வுக்கு வந்த கொக்கு அதைப் பார்த்துவிட்டார். படிவத்தில் செடி, பூ, களை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. முதல் இரண்டும் நிரம்பியிருந்தன. மூன்றாவதில் 'ஒன்று' என்று எழுதினார்.

"களையை உடனே பிடுங்க வேண்டும்" என்றார்.

கொக்கு குனிந்து அலகை நீட்டினார். குட்டியின் முள் அதற்குள் விறைத்திருந்தது. அலகை இழுத்துக்கொண்டு, இரண்டு தரம் உதறிவிட்டு, எழுதினார்: 'முள்ளுள்ள களை. பிடுங்க இயலாது. இருக்கட்டும்.'

ஆகவே அந்த வளையில் சட்டப்படி குடியிருக்கும் முள்ளம்பன்றி இன்றைக்கு அது ஒன்றுதான். பெற்றவர்கள் வேலைக்கு வந்துபோகிறார்கள்.

நீதி: வீட்டுக்குள் ஒரு செடியை வளர்ப்பது சுலபம். அந்தச் செடியின் வீட்டுக்குள் ஒரு பிள்ளையை வளர்ப்பதுதான் கடினம். அதற்கு எத்தனை வாட் வேண்டும் என்று எந்தப் பெட்டியிலும் போடுவதில்லை.