ஏசியில் தெளியாத தண்ணீர்

பாலாற்றங்கரைப் பிடிவாதக்காரர்களை எல்லாம் ஒரு தட்டிலும் உப்புத்தண்ணியை மறு தட்டிலும் வைத்தால், அவர் தட்டுதான் கீழே இறங்கும். உப்புத்தண்ணி என்பது ஆராய்ச்சி மாணவர் விடுதியில் என் அறைவாசிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஒருமுறை நாற்றம் தாங்காமல் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். கேனோடு நடந்தே வந்து, "காத்தாட நடந்தேன்" என்றார்.

"லேப்லயே உப்பு கரைச்சுக்கினா ஆவாதா?" என்று கேட்டேன்.

"அது ரசம் வைக்கத்தான் லாயக்கு. தோலு கெடாம இருக்க மூட்டை மூட்டையா கொட்றாங்களே, அந்த உப்பு வேணும்."

கழிவுநீரிலிருந்து சாயத்தைப் பிரிக்க அவர் உருவாக்கிய மருந்து நீளச் சங்கிலி போன்ற ஒரு மூலக்கூறு. ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு பகுதிக்கு ஆகாது. பிரிந்து போகவும் வழியில்லை.

"புருஷன் பொண்டாட்டி கதைதான்" என்பார், கல்யாணமே ஆகாதவர். "தண்ணி ஆவாத பக்கம்லாம் ஒண்ணு சேர்ந்து உள்ள பதுங்கிக்கும். புடிச்ச பக்கம் வெளிய காவல் நிக்கும். உப்பும் சூடும் ஜாஸ்தியாச்சுன்னா காவல்காரனுக்கும் தண்ணி கசந்துடும். எல்லாம் கும்பலா திரண்டு, சாயத்தையும் இழுத்துக்கினு அடியில உக்காந்துடும்."

நம்மூர் உப்பு, நம்மூர் வெயில். கரண்டே வேண்டாம் என்பது அவர் கணக்கு.

அவருடைய உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று முடிவு செய்ய நிபுணர் குழு வந்தது. நீட்டிக்காவிட்டால் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது. விருந்தினர் என்றால் நம்மவர்களுக்கு விறைக்க விறைக்க உபசரித்தாக வேண்டும். துறைத்தலைவர் காலையிலிருந்தே ஏசியை ஓடவிட்டார். பொன்னாடை, வரவேற்புரை, அதற்கொரு ஏற்புரை. மேசைமேல் கழிவுநீர்க் குடுவை ஜில்லிட்டுப்போனது. உப்புத்தண்ணி அதில் தன் மருந்தை ஊற்றினார். ஒன்றுமே ஆகவில்லை.

"சார், ஏசிய கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

"கெஸ்ட் உக்காந்திருக்காங்க, இன்னாய்யா பேசற?" துறைத்தலைவர் பல்லைக் கடித்தார்.

"அப்போ வெயிலுக்கு வாங்க சார். கொஞ்ச நேரந்தான்."

பொன்னாடை போர்த்திய ஒருவரும் எழவில்லை. அறிஞர்களுக்கு வேர்த்துவிடும் அல்லவா. பிரியாணி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

குடுவையை எடுத்துப்போய் வாசற்படியில் வைத்தார். நானும் கூட நின்றேன். சற்று நேரத்தில் தண்ணீர் குப்பென்று கலங்கியது. பிறகு சாயம் திரண்டு மெல்ல அடியில் இறங்கியது. குழுவின் கார் டிரைவர் மட்டும் எட்டிப் பார்த்து, "தெளிஞ்சுடுச்சே சார்" என்றார். உள்ளே, செயல்விளக்கம் தோல்வி என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

இன்று உப்புத்தண்ணி குடியாத்தத்தில் நீட் கோச்சிங் வகுப்பு எடுக்கிறார். அவர் காலி செய்த கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் விடுதியை விட்டுப் போகும்வரை எனக்கு அவரோடு பேச்சே வரவில்லை.